பழைய கொடியின் ஷெனின் பிளாங்க்: சுவைத்துப் பார்க்கும் முறை

முதிர்ந்த வெள்ளை ஒயினை அதிகச் செலவின்றிச் சுவைத்துப் பழக விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது தென்னாப்பிரிக்காவின் ஷெனின் பிளாங்க். பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கிற்கு உரிய இந்தத் திராட்சை இன்று பிரான்சைவிடத் தென்னாப்பிரிக்காவில்தான் அதிகப் பரப்பில் வளர்கிறது; அங்கே அதற்கு ஸ்டீன் என்ற பழைய பெயரும் உண்டு. பிராந்தி வடிப்பதற்காகவும் மலிவான ஒயினுக்காகவும் ஒரு காலத்தில் நட்ட கொடிகள் பல இன்றும் காய்க்கின்றன.

‘பழைய கொடி’ என்ற சொல்லுக்குப் பல நாடுகளில் சட்ட வரையறை கிடையாது. ஆகவே போத்தலின் கழுத்தில் தென்னாப்பிரிக்காவின் ஓல்ட் வைன் ப்ராஜெக்ட் (Old Vine Project) என்ற அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது 35 வயதான கொடிகளின் ஒயினுக்கே அது கிடைக்கும். நட்ட ஆண்டும் அதிலேயே இருக்கும். அறுவடையாகி ஏழெட்டு ஆண்டுகள் ஆன போத்தலாகத் தேர்ந்தெடுங்கள். வெயில் படும் அலமாரியில் நின்ற போத்தலை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்காதீர்கள்.

பலர் தவறுவது குளிர்ச்சியில்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் புளிப்பு மட்டுமே நாவில் நிற்கும். அரை மணி நேரம் வெளியே வைத்து, ஏறத்தாழ 12 டிகிரிக்கு வந்த பிறகு, கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பார்த்தால் வைக்கோலின் பொன்னிறம் தெரிய வேண்டும். நிறம் பழுப்பாகி, வெட்டி வைத்த ஆப்பிளின் வாடை வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டிருக்கிறது; நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் குறை கார்க்கினுடையது. அடியில் படியும் கண்ணாடித்துண்டு போன்ற படிகங்கள் டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அவற்றால் கெடுதல் இல்லை.

இங்கே இரண்டு வயதுகளைப் பிரித்து உணர வேண்டும். போத்தலில் கழிந்த ஆண்டுகள் மூக்கில் தெரியும்: தேன்மெழுகு, உலர்ந்த பேரிக்காய், வறுத்த பாதாம். கொடியின் வயதை வாயில் தேடுங்கள். முதிய கொடி குறைவான குலைகளையே தாங்குவதால் சாறு செறிவாக இருக்கும் என்பர். அந்தச் செறிவை நாக்கின் நடுவில் ஒரு கனமாகவும், விழுங்கிய பின் நெடுநேரம் நீடிக்கும் சுவையாகவும் நான் உணர்கிறேன். தேன் மணத்தது என்பதற்காக இனிப்பை எதிர்பார்க்காதீர்கள். இனிப்பற்ற ஒயினிலும் அந்த மணம் வரும்.

பாதிப் போத்தலை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் இதே முறையில் மீண்டும் சுவையுங்கள். நல்ல போத்தலாக இருந்தால் முதல் நாள் மறைந்திருந்த மணங்கள் அப்போது விரியும்.