கூட்டாளிகள் சேர்ந்து சிலப்பதிகாரத்தை மேடையேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய கூட்டாளிகள் சேர்ந்து நாடகம் போட்டால், முதல் சறுக்கல் கதையின் அளவில்தான். புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டம், 30 காதை, அதாவது 30 அத்தியாயம். அத்தனையையும் ஒன்றரை மணி நேரத்தில் அடைக்கப் பார்ப்பார்கள். காதைக்கு 3 நிமிடம் கிடைக்கும். எந்தக் காட்சியும் மனதில் நிற்காது. 20ஆவதான வழக்குரை காதையை மட்டும் எடுங்கள். நூறு வரிக்குள்தான் இருக்கும். ஆனால் அரசியின் தீக்கனவு, வாயிற்காவலனின் பதற்றம், வழக்கு, தீர்ப்பு, அரசனின் சாவு எல்லாம் அதிலேயே உண்டு. முக்கியப் பாத்திரம் நான்குதான். 40 நிமிட நாடகத்துக்குத் தாராளம்.

வசனத்தை எளிய தமிழில் எழுதுங்கள். ‘தேரா மன்னா’, ‘யானோ அரசன் யானே கள்வன்’ போன்ற இடங்களில் மட்டும் இளங்கோவின் சொல்லில் கை வைக்காதீர்கள். பழைய சினிமா வசனத்தைத் தூக்கிப் போடுவது பெரிய தப்பு. மலேசியச் சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை காப்புரிமை இருக்கிறது.

பலரும் கோட்டைவிடுவது சிலம்பில். சிலம்புக்குள் இருக்கும் மணிதான் பரல்; அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். வழக்கே அதில்தான் நிற்கிறது. கடையில் வாங்கிய சலங்கையை ஓங்கி எறிந்தால் உடையாது. உள்ளே பிளாஸ்டிக் மணி போட்டால் சத்தமே வராது. வெறுங்காலோடு நடிப்பவர் அதை மிதித்து வழுக்குவார். இரண்டு அரைவட்டமாகச் செய்து, சிறு காந்தத்தால் சேருங்கள். சிவப்பு மணிகளை மெல்லிய நூலில் கோத்து உள்ளே வைத்தால் வெளியே தொங்கும், சிதறாது. சிதறும் ஓசைக்கு, திரைக்குப் பின்னால் ஒருவர் பித்தளைத் தாம்பாளத்தில் ஒரு கைப்பிடி குன்றிமணியைக் கொட்டட்டும். கடைசி வரிசையில் இருப்பவருக்கு மாணிக்கம் தெரியாது. ஓசைதான் அவருக்குச் சாட்சி. இதை மட்டும் தனியாக இருபது முறையாவது ஒத்திகை பாருங்கள்.

நட்பால் வரும் சிக்கல் வேறு. ‘நம்ம ஆளுதானே’ என்று இயக்குநரை முடிவு செய்யாமல் தொடங்கினால் ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள்; கண்ணகி யார் சொல்வதைக் கேட்பார்? இயக்குநர் ஒருவரே. மற்றவர்கள் தங்கள் கருத்தை அவரிடம் தனியாகச் சொல்லட்டும். ஒத்திகை முடிந்து மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது நடிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். மனக்கசப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆளுக்கு எத்தனை வெள்ளி, நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் வாரமே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்.

வேலை நாளில் ஏழு மணிக்கு ஒத்திகை வைக்காதீர்கள். கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் வருபவர்கள் நெரிசலில் மாட்டுவார்கள். எட்டரை சரி. மண்டபத்தை நாடகத்தன்று மட்டும் எடுக்காமல் முதல் நாளும் சேர்த்து எடுங்கள். தூணின் நிழல் அரங்கில் விழாமல் விளக்கு வைப்பதை அரங்கேற்று காதையே சொல்கிறது. அந்த வேலைக்கு அரை நாளாவது பிடிக்கும். கோலாலம்பூரில் பொதுமக்களுக்கு நாடகம் போட மாநகர் மன்றத்தின் கேளிக்கை உரிமம் வேண்டும். அதை யார் வாங்குவது என்று மண்டபக்காரரிடம் முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். டிக்கெட் அச்சடித்த பிறகு அல்ல.