உப்புக்காத்து ஊருல ரோட்டோரம் பழமரம் வைக்கிறது எப்படி?

காலனி ரோட்டோரம் பழமரம் வைக்கலாம்னு யாராச்சும் பேச்செடுத்தா முதல்ல வர்ற பேரு மா, அடுத்து எலுமிச்சை, கூட்டத்துல ஒருத்தராவது பலாங்குவாரு. நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளி பக்கம் எங்க காலனில 22 மாங்கன்னு வச்சோம், சித்திரை வர்றதுக்குள்ள இலை நுனியெல்லாம் கருகி தீயில வாட்டுன மாதிரி சுருண்டுருச்சு, ஆடிக்காத்து அடிச்சு ஓய்ஞ்சப்ப மிஞ்சுனது 3. அதுக்கப்புறம் மரத்தை விட்டுட்டு தண்ணிய பாக்க ஆரம்பிச்சோம், இப்ப தெருவுல சப்போட்டாவும் நெல்லியும் சீத்தாவும் நிக்குது. புதுசா வைக்கிறவங்க எங்களை மாதிரி ஒரு வருஷத்தை வீணாக்க வேணாம், அதுக்குத்தான் இது.

முதல்ல தண்ணி

நீங்க ஊத்தப் போற தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. நாக்குக்கே உப்பு தெரிஞ்சா மா, எலுமிச்சை, வாழை மூணையும் மறந்துருங்க. சரியா தெரியணும்னா தண்ணில கரைஞ்ச உப்பை அளக்க பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் விக்கிது, காலனிக்கு ஒண்ணு வாங்கிப் போடுங்க. அதுல காட்டுற நம்பர் 1000க்குள்ள இருந்தா பயமில்ல, 2000 பக்கம் போனா சப்போட்டா, நெல்லி, இலந்தை, நாவல் மாதிரி முரட்டு மரம்தான், அதுக்கும் மேல போனா மழைத்தண்ணிய சேத்து வைக்க வழி பண்ணிட்டு அப்புறம் கன்னு வாங்குங்க.

இன்னொண்ணு, நம்ம கடற்கரை மணல்ல மழைத்தண்ணி நல்ல தண்ணியா மேலாக்க மெதந்து நிக்கும், உப்புத்தண்ணி அடில கிடக்கும். பழைய ஆளுங்க ஊத்து தோண்டி குடிச்சது அதைத்தான். ஆழமா போர் போட்டா அடில கிடக்கிற உப்பைத்தான் மேல இழுப்பீங்க, அதனால செடிக்கு ஆழம் கம்மியான உறைகிணத்துத் தண்ணி எவ்வளவோ தேவல. ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற கழிவுத்தண்ணிய செடிக்கு விடலாம்னு ஒரு அண்ணன் யோசனை சொன்னாரு, விட்றாதீங்க, வடிகட்டுன உப்பு பூராவும் அதுலதான் இருக்கு.

யாரு இடம்?

வீட்டு வாசல்ல இருக்கு, நம்ம இடம்தானேன்னு நினைக்காதீங்க. அனுமதி வாங்குன மனைப்பிரிவுல ரோட்டை தானப்பத்திரம் எழுதி ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ குடுத்துருப்பாங்க. சங்கத்துல தீர்மானம் போட்டு ஒரு மனு எழுதிக் குடுத்துட்டு வைங்க, நாளைக்கு ரோடு அகலப்படுத்துறேன், பைப் பதிக்கிறேன்னு ஜேசிபி வந்து நிக்கிறப்ப பேச ஒரு பேப்பர் இருக்கும். குடிதண்ணி பைப் எந்தப் பக்கம் போகுதுன்னும் அப்பவே கேட்டு சுண்ணாம்புல கோடு போட்டுக்கங்க. மேல கரண்டு கம்பி போற பக்கம் சீத்தா, மாதுளை மாதிரி குட்டை மரம், கம்பி இல்லாத பக்கம் மத்தது.

எந்த மரம், எதுக்கு

என்னைக் கேட்டா இந்தக் கரைக்கு ராஜா சப்போட்டாதான். கிளை வலு, காத்துக்கு சட்டுனு ஒடியாது, வருஷம் பூரா இலை நிக்கும், உப்பையும் தாங்கும். விதைக்கன்னு வேணாம், பாலா மரத்து அடிக்கட்டையில ஒட்டுன கன்னா கேட்டு வாங்குங்க. 3, 4 வருஷத்துல காய் பாக்கலாம்.

நெல்லி வைக்கிறதா இருந்தா ஒரே ரகமா வைக்காதீங்க, வேற ரகம் பக்கத்துல இருந்தாத்தான் நல்லா காய் பிடிக்கும், என்ஏ 7 கூட கிருஷ்ணாவோ காஞ்சனோ கலந்து வைங்க. ஆனா நெல்லிக் கிளை பட்டுனு முறியும், அதனால கடலைப் பாத்த முதல் வரிசை ஆகாது, வீடு மறைக்கிற தெருவுல வைங்க.

சீத்தாவுல ஒரு பெரிய சௌகரியம், ஆடு வாய் வைக்காது. நம்ம ஊருல இந்த ஒரு குணத்துக்கே அதுக்கு மாலை போடலாம். உப்பு ரொம்ப ஏறுன தண்ணின்னா மட்டும் வேணாம்.

நாவல் நல்ல மரம்தான், ஆனா ஆனி ஆடில பிளாட்பாரம் முழுக்க ஊதாக்கறை, பெரியவங்க வழுக்கி விழுவாங்க, பார்க்குல வைங்க. இலந்தையும் கொடுக்காப்புளியும் உப்புக்கும் காஞ்ச பூமிக்கும் அசராது, முள்ளுதான், பிள்ளைங்க சைக்கிள் ஓட்டுற ஓரத்துல வேணாம். கடலுக்கு நேரா இருக்கிற மூலைல நாட்டு வாதாமரம் ஒண்ணு வச்சுருங்க, உப்புச்சாரலுக்கு அது அசையாது, வாதாங்கொட்டை உடைக்கிறதுக்குன்னே பசங்க கல்லும் கையுமா வந்துருவாங்க. தென்னைய நடக்குற பாதைல வைக்காதீங்க, காரணம் சொல்ல வேண்டியதில்ல.

மண்ணைப் பத்தி சந்தேகம்னா ராமநாதபுரத்துலயே வேளாண் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கு, போயி கேளுங்க.

குழியும் நடவும்

ஆவணி, புரட்டாசில குழி வெட்டுங்க, 3 அடிக்கு 3 அடி, ஆழமும் 3 அடி. மரத்துக்கு மரம் சப்போட்டான்னா 20 அடியாவது விடுங்க, சீத்தாவுக்கு 10 போதும். காம்பவுண்டு சுவர்ல இருந்து 4 அடி தள்ளி. வெட்டுன உடனே நடாதீங்க, முதல் ரெண்டு மழை குழில விழுந்து எறங்கட்டும், மண்ணுல இருக்கிற உப்பைக் கொஞ்சம் கழுவிட்டுப் போகும்.

அப்புறம் அடில தேங்காமட்டைய நார்ப்பக்கம் மேல பாக்க ரெண்டு வரிசை அடுக்குங்க, மணல்ல தண்ணி நிக்காது, மட்டைதான் குடிச்சு வச்சுக்கும். மேல மேல்மண், செம்மண், மக்குன சாணி ஒரு கூடை, வேப்பம்புண்ணாக்கு ரெண்டு கை. கண்மாய் வண்டல் கிடைச்சா ரொம்ப நல்லது, ஆனா அனுமதி இல்லாம அள்ளாதீங்க. மீன் கழிவு சத்துன்னு சொல்லி ஒரு அக்கா பேச்சைக் கேட்டு 6 குழில போட்டோம், ராத்திரியோட ராத்திரியா தெருநாய் அத்தனையும் தோண்டி கன்னை ரோட்டுல போட்டுருச்சு, மறுநாள் காலனி பூரா கவுச்சி வேற.

ஐப்பசி மழை பிடிச்சதும் சாயங்காலமா நடுங்க. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு அரை அடி மேல நிக்கணும், அதுக்குக் கீழ துளிர் வந்தா பாவம் பாக்காம கிள்ளுங்க.

ஆடும் காத்தும்

கன்னைக் கொல்றது பூச்சி இல்ல, ஆடு. சுத்தி நாலு குச்சி நட்டு சீமைக்கருவேல முள்ளை வச்சு கட்டுங்க, காசு செலவில்ல, அந்த மரத்தால நமக்கு ஆகுற ஒரே நல்ல காரியம் இதுதான். ஆனி ஆடில கச்சான் காத்து வெளுத்து வாங்கும், பாம்பன் பாலத்துல ரயிலையே நிறுத்தி வைக்கிற காத்து அது, அதனால மேற்கயும் தெக்கயும் பனை ஓலைய மறைப்பா கட்டுங்க. கன்னை குச்சியோட கட்டுறப்ப எட்டு மாதிரி லூசா கட்டணும், இறுக்குனா தண்டு அறுபடும்.

உப்புத்தண்ணின்னா தினம் ஒரு சொம்பு ஊத்துறது தப்பு, தண்ணி காஞ்சு உப்பு வேர்லயே படிஞ்சுரும். வாரம் ரெண்டு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 லிட்டர் நிறைய ஊத்தி அடிக்கு இறக்குங்க, இலை மேல படக்கூடாது. பாத்தி மேல ஓலை, சருகு மூடி வைங்க. மண்ணு மேல உப்பு வெள்ளையா பூத்தா சுரண்டி வெளிய போடுங்க.

வெளிநாட்டுல வேலை பாக்குற சபராளி வீடு வருஷத்துல பத்து மாசம் பூட்டித்தான் கிடக்கும், அந்த வாசல் மரத்துக்கு யாரு ஊத்துறதுன்னு நடுறதுக்கு முன்னாடியே பேசிருங்க. எங்க காலனில எதுத்த வீட்டு பாய் ஊத்துறாரு, காயில பாதி அவருக்கு.

காய் விஷயத்துல எங்க ஏற்பாடு, ரோட்டுல கை நீட்டி எட்டுறது யாரு வேணா பறிக்கலாம், மேல இருக்கிறதை ஞாயித்துக்கிழமை சங்கத்துல பறிச்சு வீட்டுக்கு வீடு பிரிப்போம். சப்போட்டாவ மட்டும் நகத்தால லேசா சுரண்டிப் பாத்துட்டுப் பறிக்கச் சொல்லுங்க, உள்ள பச்சை தெரிஞ்சா விட்றணும், மஞ்சள் ஓடியிருந்தா பறிச்சு அரிசிப் பானைல போட்டா நாலஞ்சு நாள்ல பழுத்துரும்.