உப்புக்காற்றில் எந்த இயர்பட்ஸ் நிற்கும்? ராமநாதபுரம் கடலோரத்தில் பார்த்து வாங்கும் முறை

இயர்பட்ஸ் வாங்கக் கடைக்குப் போனால் மூன்று கேள்விதான் கேட்போம். விலை எவ்வளவு, பேஸ் (தாழ்ந்த முழக்கம்) எப்படி, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும். கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு அது போதும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: இது உப்பைத் தாங்குமா?

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் இரும்பு அரித்துப் போனதால் 2022 டிசம்பரில் ரயில் விடுவதையே நிறுத்தினார்கள். அத்தனை பெரிய இரும்பைத் தின்ற காற்று இது. இயர்பட்டின் அடியில் சார்ஜ் ஏறுவதற்கென்று இரண்டு மூன்று உலோகப் புள்ளிகள் இருக்கும், ஒவ்வொன்றும் கடுகளவு. மேலே மெல்லிய தங்கப் பூச்சு, உள்ளே பெரும்பாலும் செம்புக் கலவை. வியர்வையோ கடல் ஈரமோ படிந்த இயர்பட்டை (சுருக்கமாக 'பட்') அப்படியே சார்ஜிங் கேஸில் வைத்து மூடினால், அந்த உப்பு ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடி உலோகத்தை அரிக்கும். சில வாரங்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். "ஒரு பக்கம் பாடுது, ஒரு பக்கம் பாடல" என்று கடைக்கு வரும் பட்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஐபி எண்ணை எப்படிப் படிப்பது

பெட்டியில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எண்ணைப் பாருங்கள். ஐபி என்ற எழுத்துக்குப் பின் இரண்டு இடம் உண்டு. முதல் இடம் தூசி, மணல், இரண்டாவது தண்ணீர். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்5 என்றால் குழாயில் பீய்ச்சினாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். முதல் இடத்தில் 'எக்ஸ்' இருந்தால் தூசிக்கு மதிப்பீடு தரவில்லை என்று பொருள். தனுஷ்கோடி மணலில் நடக்கிறவருக்கு அந்த 'எக்ஸ்' ஒரு குறைதான். ஐபி55 அல்லது அதற்கு மேல் தேடுங்கள்.

இதில் இரண்டு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. கடல் தண்ணீருக்கும் வியர்வைக்கும் அந்த எண் உத்தரவாதம் இல்லை. தண்ணீர் பட்டுப் பழுதானதற்குப் பெரும்பாலான வாரண்டிகளும் பொறுப்பேற்பதில்லை. இரண்டு, பெட்டியில் உள்ள எண் பெரும்பாலும் பட்டுக்கு மட்டும்தான். கேஸுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்காது. பட் அலையில் நனைந்தால் பிழைக்கும். கேஸ் நனைந்தால் இரண்டும் போச்சு. கேஸுக்கும் தனியாக எண் கொடுத்திருக்கும் மாடல் கிடைத்தால் நூறு இருநூறு கூடுதல் என்றாலும் அதையே எடுங்கள்.

படகில் போகிறவர்களுக்கு

வல்லமோ விசைப்படகோ, கடலுக்குப் போகிறவர் ஒயரில்லாத தனித்தனி பட்ஸ் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வலை இழுக்கும்போது குனிந்தால் ஒன்று கடலில் விழும். ஒரு பட் தொலைந்தால் பல மாடல்களுக்கு ஒற்றைப் பட் தனியாகக் கிடைக்காது. நெக்பேண்ட் வாங்குங்கள். கழுத்தில் கிடக்கும், காதிலிருந்து நழுவினாலும் மார்பில் தொங்கும், தனியாகக் கேஸ் கிடையாது. பேட்டரியும் பெரிது: ஒரு பட்டுக்குள் 30 முதல் 60 மில்லியாம்பியர் மணி அளவுக்குத்தான் இடம் உண்டு, நெக்பேண்டில் 150-க்கு மேல் சாதாரணமாக இருக்கும். சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி இருக்கிறதா, அது இறுக்கமாக உட்காருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு ஒருபோதும் சார்ஜ் போட வேண்டாம்.

வேலை நேரத்தில் இரண்டு காதையும் அடைக்காதீர்கள். படகின் பின்பக்கமான அமரத்திலிருந்து கூப்பிடுவது கேட்காவிட்டால், கயிறு ஓடுவது தெரியாவிட்டால், விரல் போகும். ஒரு காதில் மட்டும் போடுங்கள். வயர்லெஸ் செட்டில் சில நேரம் இடது மட்டும் தனியாக வேலை செய்யாது, வாங்கும்போதே சோதித்துப் பாருங்கள்.

இஞ்சின் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே சத்தம் சுமார் 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் வால்யூமை 90 டெசிபலுக்கும் மேலே ஏற்றுவோம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், 90 டெசிபலில் 4 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது. அதாவது இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ராத்திரி பாட்டு கேட்டால் ஒரு வாரத்துக்கான அளவு முடிந்துவிடும். காது மங்குவது மெதுவாகத்தான் தெரியும், திரும்பியும் வராது. படகின் முன்பக்கமான அணியத்துப் பக்கம் வந்து, குறைந்த வால்யூமில் கேளுங்கள்.

வானொலி கேட்பவர்கள் ஒயரை விடக்கூடாது

இது பலருக்குத் தெரிவதில்லை. போனில் இருக்கும் எஃப்எம் வானொலிக்கு ஏரியல் கிடையாது, 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகும் இயர்போன் ஒயர்தான் ஏரியலாக வேலை செய்கிறது. புளூடூத் பட்ஸ் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த வேலையைச் செய்யாது. பாம்பனில் இருந்து ஒலிபரப்பாகும் மீனவர் சமுதாய வானொலியான கடல் ஓசை 90.4, இலங்கைப் பக்கத்திலிருந்து தெளிவாக வரும் தமிழ் அலைவரிசைகள், இவற்றை டேட்டா இல்லாமல் கேட்க வேண்டுமென்றால் முந்நூறு ஐந்நூறு ரூபாய் ஒயர் இயர்போன் போதும். போனில் அந்தத் துளையும் எஃப்எம் செயலியும் இருக்க வேண்டும். டவர் கிடைக்காத தூரத்தில் பாட்டு வேண்டுமென்றால் கரையிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒயரில் முதலில் விட்டுப்போகும் இடம், போனில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் மடங்கும் பகுதி. நேர் பின்னைவிட 'எல்' வடிவில் மடங்கிய பின் சட்டைப்பையில் நீடித்து நிற்கும்.

காற்றும் ஏஎன்சியும்

வெளிச்சத்தத்தை அடக்கும் ஏஎன்சி பற்றி விளம்பரத்தில் சொல்வது பாதி உண்மை. பட்டின் வெளிப்புற மைக் சத்தத்தைப் பிடித்து, அதற்கு எதிரான அலையை உள்ளே உண்டாக்கி அதை அமுக்குகிறது. ஒரே சீராக வரும் தாழ்ந்த முழக்கத்துக்கு இது நன்றாக வேலை செய்யும்: பஸ் இஞ்சின், ரயில் பெட்டி, இறால் பண்ணை மோட்டார். பேச்சு, குழந்தை அழுகை, ஹார்ன் போன்றவற்றை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது. அவற்றைக் குறைப்பது காதை அடைக்கும் ரப்பர்தான்.

காற்று என்று வந்தால் கதை தலைகீழ். ஆனி ஆடிக் கச்சான் அடிக்கும்போது பாம்பன் சாலைப் பாலத்திலோ கடற்கரையிலோ ஏஎன்சி போட்டால், மைக் துளையில் காற்று மோதி உள்ளே படபடவென்று இடிக்கும். பட் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பழுது இல்லை, ஏஎன்சியை அணைத்தால் நின்றுவிடும். சில மாடல்களின் செயலியில் காற்றுச் சத்தம் குறைக்கும் முறை தனியாக இருக்கும். வருஷத்தில் பாதி நாள் காற்றில் நிற்பவர் ஏஎன்சிக்காகக் கூடுதலாக ஆயிரம் இரண்டாயிரம் கொடுப்பதில் அர்த்தமில்லை. ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு அடிக்கடி ராத்திரி ரயிலில் போய்வருகிறவருக்கு அது நல்ல செலவு.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளோடு, கணவரோடு மணிக்கணக்காகப் பேசுகிறவர்களுக்குப் பாட்டின் தரம் முக்கியமில்லை, மைக் முக்கியம். குட்டையான பட்டைவிடத் தண்டு நீண்ட பட்டில் மைக் வாய்க்குப் பக்கத்தில் வரும். மொட்டை மாடியில் நின்று பேசுவதென்றால் ஒயர் மைக்கை முந்தானைக்குள்ளோ காலருக்குள்ளோ மறைத்துப் பேசலாம். அந்த வசதி பட்ஸில் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினால் காதுக்குள் அடைக்கும் ரப்பர் வியர்த்து அரிக்கும். அப்படிப்பட்டவர்கள் ரப்பர் இல்லாமல் காது வாயில் உட்காரும் வகையை எடுக்கலாம். தன் குரலே தனக்குள் முழங்குவதும் அதில் குறைவு.

கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்தில் சவாரிக்குக் காத்திருப்பவர், கோயில் பக்கம் வழிகாட்டுகிறவர் போன்றவர்கள் எதிரே பேசுவதைக் கேட்டாக வேண்டும். காதை மூடாமல் மடலில் மாட்டும் திறந்த வகை, அல்லது கன்ன எலும்பு வழியாகச் சத்தம் கடத்தும் வகை அவர்களுக்குப் பொருந்தும். பேஸ் குறையும், சத்தமான சந்தையில் பாட்டு காணாமல் போகும். வண்டி ஓட்டும்போது மட்டும் எந்த வகையும் வேண்டாம்.

பாசி எடுக்கவும் சங்கு குளிக்கவும் இறங்குகிறவர்கள் ஐபிஎக்ஸ்7 என்று நம்பிப் போட்டுக்கொண்டு மூழ்கக்கூடாது. புளூடூத் அலை தண்ணீரில் சில சென்டிமீட்டர்கூடத் தாண்டாது, பாட்டு உடனே அறுந்துவிடும். அதைவிட முக்கியம், காதை அடைத்தபடி இரண்டு மூன்று மீட்டர் இறங்கினால் அடைப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே அழுத்தம் சமமாகாது. செவிப்பறை கிழியலாம்.

கடையில் சோதிப்பது

போனை எடுத்துப் போங்கள். ரப்பரில் மூன்று அளவு கொடுத்திருப்பார்கள். இடக்காதும் வலக்காதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்பதில்லை, தனித்தனியாகப் பாருங்கள். போட்டதும் கடைச் சத்தம் சட்டென்று அமுங்க வேண்டும். பாட்டை ஓடவிட்டு வாயை அகலத் திறந்து மூடுங்கள், தலையை ஆட்டுங்கள். பேஸ் வந்து வந்து போனால் ரப்பர் சிறிது. பத்து நிமிஷத்தில் காது வலித்தால் பெரிது. 'பேஸே இல்லை' என்ற குறையில் பெரும்பாலானவை ரப்பர் அளவுக் குறைதான். நுரைப்பஞ்சு முனை சுகமாக இருக்கும், ஆனால் நம் ஊர் வியர்வையை உறிஞ்சி நாறிப்போகும். சிலிக்கான் ரப்பரே நல்லது.

பிறகு தெருவுக்கு வந்து ஒரு ஆளுக்குப் போன் பண்ணிக் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேளுங்கள். ஒரு வீடியோவைப் போட்டு உதட்டசைவும் சத்தமும் ஒன்றாக வருகிறதா பாருங்கள். கேஸைத் திறந்து உள்ளே இருக்கும் பின்களை நகத்தால் மெல்ல அழுத்துங்கள். அழுந்தி மேலே வர வேண்டும். வயர்லெஸ் இயர்போனுக்கு இந்தியத் தரநிலை அமைவனத்தின் பதிவு கட்டாயம். 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பெட்டியில் இருக்கிறதா பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். பெரிய கம்பெனி பெயரில் பாதி விலைக்கு விற்கும் போலிகள் பெரும்பாலும் இங்கே மாட்டும்.

வாங்கிய பிறகு

கடலிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்ததும் பட்டை நேரே கேஸில் போடாதீர்கள். மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அந்தத் தண்ணீர் குடிதண்ணீராக இருக்கட்டும். இங்கே பல ஊரில் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் உவர்ப்புதான்; அதில் துடைத்தால் ஒரு உப்பைத் துடைத்து இன்னொரு உப்பைப் பூசுவது போல. காய்ந்த துணியால் ஒற்றி, நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கேஸில் போடுங்கள்.

வாரம் ஒருமுறை சார்ஜ் புள்ளிகளையும் கேஸுக்குள் இருக்கும் பின்களையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பச்சை பிடித்திருந்தால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டியிருக்கும். உப்புத்தாளோ கத்தி முனையோ வேண்டாம், தங்கப்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதமே திரும்பப் பிடிக்கும். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால், பட்டில் சத்தம் வெளிவரும் வாயில் உள்ள சிறு வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள், அழுக்கு கீழே உதிரும். மேலே பார்க்கப் பிடித்துத் தேய்த்தால் உள்ளே போகும். ஊசி கூடவே கூடாது. பட்டுக்குள்ளும் கேஸுக்குள்ளும் காந்தம் இருப்பதால் மணலில் உள்ள கருந்துகள்கள் வந்து ஒட்டும். செலோடேப்பை ஒட்டி உரித்தால் வந்துவிடும்.

நனைந்த பட்டை அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அரிசி மாவு வலையை அடைக்கும், உப்பை அது எடுக்காது. கடல் தண்ணீர் உள்ளே போயிருந்தால், ஐபிஎக்ஸ்7 பட்டாக இருக்கும்பட்சத்தில் குடிதண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். அதற்கு முன் கேஸில் போட்டு ஆனாகிறதா என்று பார்க்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் பல பட்கள் சாகின்றன.