கடலோரத்துல அணு உலை வருதுன்னு நோட்டீஸ் வந்தா கருத்துக் கேட்பு கூட்டத்துக்கு ரெடி ஆகுறது எப்படி

பேப்பர்ல ஏதோ ஒரு மூலையில "மக்கள் கருத்துக் கேட்பு கூட்டம்"னு சின்னதா விளம்பரம் வரும், அதை வெட்டி பத்திரமா வைங்க, முதல் வேலை அதுதான். 2006 செப்டம்பர்ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கூட்டத்துக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடி ஒரு தேசிய நாளிதழ்லயும் ஒரு வட்டார மொழி நாளிதழ்லயும் அறிவிப்பு வந்தாகணும். எண்ணிப் பாருங்க, 26 நாள்தான் வருதுன்னா அதுவே உங்க முதல் ஆட்சேபணை.

அடுத்து ரிப்போர்ட். கலெக்டர் ஆபீஸ், மாவட்ட தொழில் மையம், மாசு கட்டுப்பாட்டு வாரிய ஆபீஸ்னு சில இடத்துல சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை பார்வைக்கு இருக்கும், சுருக்கம் தமிழ்லயும் இருக்கணும். சுருக்கத்த மட்டும் படிச்சுட்டு போனீங்கன்னா ஏமாந்தீங்க, அதுல எல்லாமே நல்லா இருக்குன்னுதான் இருக்கும். முழு அறிக்கையில குளிர்விக்கும் தண்ணி, கடல் உயிரினம், மீன்பிடி இந்த மூணு பகுதிய மட்டும் போட்டோ எடுத்துட்டு வந்து நாலு பேர் உக்காந்து படிங்க, படிச்ச பசங்க ஊருக்கு ஒருத்தராவது இருப்பாங்க, அவங்கள புடிங்க.

தண்ணி கணக்கு நீங்களே போடலாம், பயப்பட ஒண்ணும் இல்ல. 1000 மெகாவாட் கரண்ட் தர்ற உலைக்குள்ள கிட்டத்தட்ட 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகும், மூணுல ஒரு பங்குதான் கரண்டா மாறும், மீதி 2000 மெகாவாட் சூடு கடலுக்குத்தான் போகும். 1000 லிட்டர் கடல் தண்ணிய 1 டிகிரி சூடாக்க சுமார் 4 மெகாஜூல் வேணும், 7 டிகிரிக்கு 28. 2000-ஐ 28-ஆல வகுத்தா 71 சொச்சம், அதாவது ஒரு செகண்டுக்கு 71,000 லிட்டர் தண்ணிய உறிஞ்சி 7 டிகிரி சூடாக்கி திருப்பி விடணும், அதுவும் ஒரே ஒரு உலைக்கு, ராத்திரி பகல் நிக்காம. ஏன் 7ன்னு கேட்டா, கடல் தண்ணிய பயன்படுத்துற புது அனல் மின் நிலையங்களுக்கு நம்ம விதியில இருக்குற வரம்பு அது, கூடங்குளம் வழக்குலயும் இந்த டிகிரி விஷயம் பேசப்பட்டுச்சு. அறிக்கையில இருக்குற எண்ண உங்க கணக்கோட ஒப்பிடுங்க, ரொம்ப இடிச்சா அங்கதான் கேள்வி.

7 டிகிரின்னா எதுக்கு மேல 7? எந்த மாசம் அளந்த கடல் சூடு? குழாய் வாயிலயா இல்ல கலந்து போன பிறகா? நீரோட்டம் திசை மாறுற மாசத்துல அந்த சுடுதண்ணி எந்தப் பார் (மீன் கூடுற கடலடிப் பாறை) பக்கம் போகும்? குழாய்ல பாசி, சிப்பி புடிக்காம இருக்க குளோரின் விடுவாங்க, வெளிய வரும்போது அது எவ்வளவு இருக்கும்? உறிஞ்சுற வாயில மீன் முட்டையும் குஞ்சும் எவ்வளவு சாகும்? சொறி மீன் (ஜெல்லி மீன்) மொத்தமா வந்து அடைச்சா என்ன பண்ணுவாங்க? 2011-ல ஸ்காட்லாந்துல டார்னஸ்னு ஒரு நிலையத்துல சொறி மீன் அடைச்சு ரெண்டு உலையையும் நிறுத்துனாங்க, அதனால இத சிரிச்சுட்டு தள்ள முடியாது. நிலையத்த சுத்தி படகு போகக்கூடாத எல்லைய வரைபடத்துல கோடு போட்டு காட்டச் சொல்லுங்க, வாயால சொன்னா ஒத்துக்காதீங்க. 16 கிலோமீட்டர் வரைக்கும் அவசரகாலத் திட்ட மண்டலம் வரும், அதுக்குள்ள எத்தனை ஊர், வெளிய போக எத்தனை ரோடு, அதையும் கேளுங்க.

இன்னைக்கே ஆரம்பிக்க வேண்டிய இன்னொண்ணு பாடு நோட்டு, அதாவது தினமும் புடிச்ச மீன் கணக்கு. தேதி, எந்த இடம், எத்தனை பாகம் (ரெண்டு கைய விரிச்ச நீளம்) ஆழம், என்ன மீன், எத்தனை கிலோ, ஏலத்துல என்ன விலை, ஏலச்சீட்டு இருந்தா ஒட்டி வைங்க. அறிக்கையில "இங்க மீன்வளம் குறைவு"ன்னு ஒரு வரி இருந்துச்சுன்னா அத உடைக்கிறது இந்த நோட்டுதான், கோஷம் இல்ல.

நான் போன ஒரு கூட்டத்துல ஒருத்தர் மைக்க புடிச்சு ஹிரோஷிமால ஆரம்பிச்சவர் இறங்கவே இல்ல, வந்திருந்த அதிகாரிங்களுக்கு அதைவிட நிம்மதி என்ன இருக்கு, எழுத ஒண்ணும் இல்லையே. அதனால ஆளுக்கு ஒரு கேள்வி, ரெண்டு மூணு நிமிஷம், முடிஞ்சுது. மீன் விக்கிற அக்காமாரையும் பேச வைங்க, கரையில சம்பாதிக்கிற காச பத்தி அறிக்கையில தேடித்தான் பாக்கணும்.

கூட்டத்துக்கு இத்தனை பேர் வரணும்னு விதி கிடையாது, அதனால புறக்கணிச்சா நின்னுடும்னு நினைக்காதீங்க. குஜராத்ல மிதி விர்தியில அணு உலைக்கான கூட்டத்துல இருந்து 2013 மார்ச்ல ஊர்க்காரங்க மொத்தமா வெளிநடப்பு பண்ணாங்க, பின்னால அந்தத் திட்டம் ஆந்திராவுல கொவ்வாடாவுக்குப் போச்சு, உண்மைதான், ஆனா வெளிநடப்பால மட்டும் அது நடந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். வெளிய வர்றதா இருந்தாலும் எழுதுன மனுவ முதல்ல குடுத்து, இன்னொரு காப்பியில சீல் வாங்கிட்டு வாங்க. கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கணும், கடைசியில நடவடிக்கைக் குறிப்ப தமிழ்ல வாசிச்சுக் காட்டணும், பாதிப் பேர் சாப்பிடப் போற நேரம் அதுதான், போகாதீங்க, விட்டுப்போனத அங்கயே சேர்க்கச் சொல்லுங்க.

இது ஓட்டெடுப்பு இல்ல, ஊரே வேணாம்னாலும் அனுமதி வரலாம். கூடங்குளம் முதல் ரெண்டு உலைக்கு கருத்துக் கேட்பே நடக்கல, சுற்றுச்சூழல் அனுமதி 1989லயே குடுத்தாச்சு, கருத்துக் கேட்பு விதி அதுக்கு அப்புறம்தான் வந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. பக்கத்து ஊரான இடிந்தகரை ஜனங்க 2011ல இருந்து உக்காந்து போராடியும் 2013 மே 6 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உலைக்கு சாதகமாத்தான் வந்துச்சு, அதுக்குள்ள ஆயிரக்கணக்கான பேர் மேல வழக்கு, தேசத்துரோகம் வரைக்கும். அதனால யார் யார் முன்னாடி நிக்கிறது, வழக்கு வந்தா எந்த வக்கீல்னு முதல்லயே பேசி வைங்க, கல்லெறியுற ஒரு பையன் போதும் ஊரையே உள்ள தள்ள.

சுற்றுச்சூழல் அனுமதி வந்துட்டா அந்தத் தேதிய காலண்டர்ல சுழிச்சு வைங்க. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துல (சுற்றுச்சூழல் வழக்கு விசாரிக்கிற கோர்ட்டு மாதிரி) மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் சொன்னா இன்னும் 60 நாள், அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் எடுத்துக்க மாட்டாங்க. நமக்கான தென் மண்டல அமர்வு சென்னையில இருக்கு, சீல் போட்ட மனு, பேப்பர் கட்டிங், பாடு நோட்டு மூணையும் எடுத்துட்டுப் போங்க.