புத்தகத்துக்கு முதுகு எங்கே? சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தின் பாகங்களைச் சொல்லித்தரும் விதம்

லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகனிடம் அவனுடைய 1-ஆம் வகுப்புப் புத்தகத்தைக் காட்டி, “இதை யாருடா எழுதினது?” என்று கேட்டேன். பழுப்புத் தாளில் அட்டை போட்டு லேபிள் ஒட்டிய புத்தகம். தயங்காமல் தன் பெயரைச் சொன்னான். அவன்மேல் தப்பில்லை, வெளியே தெரிந்த ஒரே பெயர் அதுதான்.

அதனால் முதலில், அட்டை போடாத படக்கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

படி 1: தலைகீழாகக் கொடுங்கள்

பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி, தலைகீழாக நீட்டுங்கள். பிள்ளை தானே திருப்பிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முன்னட்டை, பின்னட்டை என்று பெயர் மட்டும் சொல்லுங்கள். திருப்பாவிட்டால், “படத்தில் இருக்கிற மாடு ஏன் மல்லாந்து கிடக்கு?” என்று கேட்டால் போதும்.

படி 2: முதுகு

பிள்ளையின் முதுகைத் தட்டி, புத்தகத்தின் முதுகையும் தொடச் சொல்லுங்கள். அப்புறம் ஐந்தாறு புத்தகங்களை முதுகு தெரிய அடுக்கி, ஒன்றைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பின் அடித்த ஒல்லிப் புத்தகத்தின் முதுகில் எழுத்தே இருக்காது. தடித்த புத்தகங்களாகப் பார்த்து வையுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரசுவதி மகால் நூலகத்தின் ஓலைச்சுவடிகளைக் காட்டலாம். ஓலையில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் பலகை வைத்துக் கட்டியிருப்பார்கள். “இதுக்கு முதுகு எங்கே?” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் நன்றாகவே யோசிப்பார்கள்.

படி 3: பெயர்கள்

தலைப்பு, எழுதியவர், படம் வரைந்தவர். மூன்றாவது ஆள்மேல்தான் பிள்ளைகளுக்கு மரியாதை அதிகம். அட்டையில் அவர் பெயர் இல்லாவிட்டால் உள்ளே தேடிக் காட்டுங்கள்.

படி 4: ஒரு புத்தகம் தைப்போம்

என்னைக் கேட்டால் இதுதான் உண்மையான பாடம். இரண்டு ஏ4 தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நடுவில் மடியுங்கள். நான்கு ஏடுகள், எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஓர் ஏட்டுக்கு இரண்டு பக்கம் என்பதில்தான் பிள்ளைகள் குழம்புவார்கள், விரலால் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். வெளியே சார்ட் அட்டை. மடிப்பில் மூன்று துளைகளை கோணி ஊசியால் நீங்களே போடுங்கள். பூ கட்டும் நூலை உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே இழுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, கீழ்த்துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து முடிச்சுப் போட்டால் சரி.

படி 5: பக்க எண், பொருளடக்கம்

தைத்த பிறகுதான் எண் போட வேண்டும், படமும் வரைய வேண்டும். முதல் தடவை நான் வரையவிட்டுத் தைத்தேன். கல்லணையைத் தாண்டும் முன்பே எங்கள் வயலில் தண்ணீர் நின்றது!

ஆமாம், காவிரிதான் எங்கள் கதை. வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பார்கள். அங்கிருந்து தண்ணீர் வருகிற வழியே பக்க வரிசை. பக்கம் 1 தலைப்பு, 2 பொருளடக்கம், 3 மேட்டூர், 4 முக்கொம்பு, 5 கல்லணை, 6 ஊர் வாய்க்கால், 7 வயல், 8 களத்து நெல். பக்கம் மாறினால் ஆறு மேட்டுக்கு ஏறிவிடும் என்று புரிந்ததும், எண் எதற்கு என்ற கேள்வியே வரவில்லை. பொருளடக்கத்தில் ‘கல்லணை – 5’ என்று எழுதி, அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பந்தயம் வையுங்கள். ஊர் மாறினால் உங்கள் ஆறு, உங்கள் வாய்க்கால்.

முன்னுரை, பதிப்புரிமை எல்லாம் இப்போது வேண்டாம். விலையை மட்டும் நான் சொல்லித்தரவே இல்லை, அவனே பின்னட்டையில் கண்டுபிடித்துவிட்டான். தன் புத்தகத்துக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு, இன்னும் என்னிடம் பாக்கி கேட்டுக்கொண்டிருக்கிறான்.