வேலூர்ச் சிப்பாயின் துப்பாக்கி: நாம் செய்யும் தவறுகள்

வேலூர்க் கோட்டையைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர், "கொழுப்புத் தடவின தோட்டாவைக் கடிக்கச் சொன்னதால்தானே கலகம் வந்தது?" என்று கேட்பார். இல்லை. அது 1857-இல் வடக்கே நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது அதற்கு 51 வருஷம் முன்னால், 1806 ஜூலை 10 அதிகாலையில். இரண்டையும் குழப்பும்போது அந்தச் சிப்பாய்களுடைய சொந்தக் காரணமே காணாமல் போகிறது. எனக்கு இது பெரிய வருத்தம்.

முதலில் துப்பாக்கியைப் பார்த்துவிடலாம். அதை 'ரைஃபிள்' என்று எழுதாதீர்கள். ரைஃபிளின் குழலுக்குள் திருகுத் தடம் இருக்கும், குண்டு சுழன்றுகொண்டே போகும். வேலூரில் இருந்தது 'பிரவுன் பெஸ்' வகை மஸ்கெட். உள்ளே வழுவழுப்பான, 39 அங்குல நீளமுள்ள குழல். அதன் வாய் முக்கால் அங்குல அகலம். போடுகிற ஈயக் குண்டு அதைவிடச் சின்னது. அதனால் குண்டு குழலுக்குள் இடித்து இடித்துத்தான் வெளியே போகும்.

அதைக் கெட்டிப்பது எப்படி? காகிதத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கிழிக்க வேண்டும். கொஞ்சம் வெடிமருந்தைப் பக்கவாட்டுக் கிண்ணத்தில் கொட்டி மூட வேண்டும். மிச்ச மருந்து, குண்டு, காகிதம் எல்லாவற்றையும் குழல் வாய்வழியாகப் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். அப்புறம் விசையை இழுத்தால், 'குதிரை' எனப்படும் சுத்தியலில் பிடித்திருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும். அந்தப் பொறிதான் மருந்தில் பற்றும். பழகிய கை நிமிஷத்துக்கு மூன்று தடவை சுடும். நாலைந்து தோட்டா கிழித்ததுமே உதடெல்லாம் கறுத்து, வெடியுப்பின் கரிப்பில் நாக்கு வறண்டுவிடும்.

ஆக, தோட்டாவைக் கடிப்பது 1806-இல் புது விஷயமே அல்ல, அன்றாடப் பயிற்சி. அந்தக் காகிதத்தில் கொழுப்பும் இல்லை. கொழுப்புப் பிரச்சினை பிற்கால என்ஃபீல்டு ரைஃபிளோடு வந்தது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1857 ஏப்ரலில் மீரட்டில் குதிரைப்படையினர் 85 பேர் தொட மறுத்தவை பழைய வகைத் தோட்டாக்களே. சந்தேகம் அவ்வளவு தூரம் பரவியிருந்தது.

வேலூரில் பிரச்சினை தலையில் இருந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தத் தலைப்பாகை வெள்ளைக்காரத் தொப்பி மாதிரியே இருந்தது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒரே காரணத்துக்காகக் குமுறினார்கள் என்பதை விட்டுவிட்டால் வேலூரே புரியாது.

'அந்தக் காலத்து ஆளுக்குக் குறிபார்க்கத் தெரியாது' என்பது இன்னொரு தவறு. அந்தத் துப்பாக்கியில் பின்குறியே கிடையாது. குழல் நுனியில் துருத்தி நிற்கும் சின்ன முளை, பயோனெட் என்கிற குத்துக்கத்தியைப் பூட்டுவதற்கு. நூறு கஜம் தாண்டினால் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள். மருந்து தீர்ந்தால் அதுவே ஈட்டி. பயோனெட் பூட்டினால் கிட்டத்தட்ட ஆறடி. அன்று காலையில் வாசல்மேட்டைப் பிடித்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமும் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரையில் வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி, கயிற்றைப் பிடித்து மதில்மேல் ஏறி, பயோனெட்டை நம்பித்தான் அவர்களை நடத்தினார்.

சரி, பழைய மஸ்கெட் ஒன்று உங்கள் கைக்கே வந்தால்? 'டவர்' என்று, லண்டன் டவர் ஆயுதக் கிடங்கின் பெயரைப் பொறித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நகல் செய்பவர்கள் முதலில் பொறிப்பதே அதைத்தான். கம்பெனித் துப்பாக்கி என்றால் இதய வடிவ முத்திரையைத் தேடுங்கள். 1808 வாக்கில் அது போய், பின்னங்காலில் நிற்கும் சிங்கம் வந்தது. சிங்க முத்திரையுள்ள துப்பாக்கியைக் காட்டி 'வேலூரில் வெடித்தது' என்று ஒருவர் விற்றால், வாங்காதீர்கள்.

உள்ளே மருந்து இருக்காது என்று எண்ணி விசையில் கைவைப்பது உயிருக்கே ஆபத்து. நூறு வருஷம் கெட்டித்தபடியே கிடந்தவை உண்டு. வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, உலோகம் அல்லாத ஒரு மெல்லிய குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, அது போகும் ஆழத்தைக் குழலின் வெளிநீளத்தோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் குறைந்தாலும் அப்படியே வைத்துவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நீங்களே தோண்டி எடுக்க வேண்டாம்.

அப்புறம் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே பித்தளைப் பூணின் பழைய நிறமும் அதில் வெட்டியிருக்கும் எண்ணும் சேர்ந்தே தேய்ந்துவிடும். உப்புத்தாள், வார்னிஷ் இரண்டுமே கூடாது. மெல்லிய துணியில் துளி எண்ணெய் தொட்டு இரும்பை மட்டும் துடைத்தால் போதும். கட்டையில் கன்னம் படும் இடத்தில் ஒரு வழவழப்பு இருக்கும். அது யாரோ ஒரு சிப்பாய் வருஷக்கணக்கில் முகம் வைத்த இடம்.