பழைய அச்சுத் தகட்டை இனங்காணும் முறை

மண்ணடியிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஒரு காயலான் கடையில், செதுக்கிய எழுத்தும் படமுமாக ஒரு கனத்த செம்புத் தகடு கிடைத்தால், அதைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். புளியின் அமிலமும் நாரின் உரசலும் நுண்ணிய கோடுகளை மழுக்கிவிடும். அது அச்சில் ஓடிய தகடு என்பதற்குச் சான்றாகக் கோடுகளுக்குள் உறைந்திருக்கும் பழைய மையும் போய்விடும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும்.

முதலில் எழுத்து இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கைபேசியில் படமெடுத்துத் திருப்பினால் வாசகம் தெளிவாகிவிடும். எழுத்து நேராகவே இருந்தால் அது பெரும்பாலும் பெயர்ப் பலகையாகவே இருக்கும்.

அடுத்து, கோடு பள்ளமா மேடா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால், மேடான கோடு கறுப்பாகவும் பள்ளமான கோடு வெள்ளையாகவும் விழும். பள்ளமானால், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வழியே கோட்டின் முனையைக் கவனியுங்கள்: செதுக்குளியால் வெட்டிய கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, ஊசிமுனையாக முடியும், அமிலத்தால் அரித்த கோடோ ஏறக்குறைய ஒரே அகலத்தில் ஓடி, முனை மழுங்கி நிற்கும். பின்பக்கத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும். பிழையைச் சுரண்டி எடுத்த இடத்தை மீண்டும் மட்டமாக்கப் பின்னாலிருந்து சுத்தியலால் தட்டிய தடமும், தகடு செய்து விற்றவரின் முத்திரையும் அங்கேதான் இருக்கும். தகட்டைக் காந்தம் நன்றாக இழுத்தால் அது எஃகு. எஃகுச் செதுக்கல் 1820களில் பரவிய முறை.

மேடானால் அது அச்சுக்கூடத்தார் ‘பிளாக்’ என்று சொல்வது. மரக்கட்டையில் ஆணியடித்த துத்தநாகத் தகடு, கட்டையோடு சேர்த்து ஏறத்தாழ 23.3 மில்லிமீட்டர் உயரம் இருந்தால், ஈய எழுத்துகளோடு கோத்து அச்சடித்தது என்று உறுதியாகச் சொல்லலாம். படம் புள்ளி புள்ளியாக இருந்தால் அது 1880களுக்குப் பிந்திய ஆஃப்டோன், அதாவது புகைப்படத்தின் ஒளிநிழலைப் புள்ளிகளாக்கி அச்சடிக்கும் முறை. விளிம்பில் மெல்லிய செம்புத் தோலும் அடியில் சாம்பல்நிற ஈயமும் தெரிந்தால், அது மின்முலாம் முறையில் எடுத்த நகல். ஈயம் நஞ்சு என்பதால், தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.

காலத்தைக் கணிக்க வாசகமே நல்ல துணை. விலை அணாவில் இருந்தால் 1957க்கு முந்தியது எனலாம். ‘சென்னை-1’ என்ற முகவரி 1972இல் வந்த ஆறிலக்கப் பின்கோடுக்கு முந்திய வழக்கம். லை, னை போன்றவை பழைய கொம்போடு இருந்தால், பெரும்பாலும் 1978ஆம் ஆண்டின் அரசாணைக்கு முந்தியவை. பெரியார் இயக்க வெளியீடுகள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டதால், அவற்றின் தகடுகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. கடையின் பெயரும் தெருவும் கிடைத்துவிட்டால், அசைலம் பிரஸ் வெளியிட்ட மதராஸ் அல்மனாக் போன்ற பழைய டைரக்டரிகளில், அந்த வணிகர் எந்தெந்த ஆண்டுகளில் அதே முகவரியில் இருந்தார் என்று தேடத் தொடங்கலாம்.